இரண்டு மிஷினுக்கு ஒரு பெட்டி

எங்கள் பீங்கான் கம்பெனியில் கம்ப்யூட்டர் சொல்படி தானே அச்சு செதுக்கும் சிஎன்சி மிஷின் இரண்டு. அவற்றை ஓட்டும் கண்ட்ரோல் பெட்டி ஒன்று. முதலாளி தர்மராஜ் அந்தப் பெட்டியில் ஒரு திருகு சுவிட்சு வைத்திருந்தார். ஒரு பக்கம் திருப்பினால் ஒன்றாம் நம்பர் ஓடும், மறுபக்கம் திருப்பினால் இரண்டாம் நம்பர் ஓடும், நடுவில் வைத்தால் இரண்டும் நிற்கும். இரண்டும் சேர்ந்து ஓடாது.

ஒன்றாம் நம்பர் பழமலைநாதன் அண்ணனுடையது, இரண்டாம் நம்பர் என்னுடையது. சீனியர் என்பதால் மதியம் இரண்டு வரை பெட்டி அவருக்கு. அதுவரை நான் பிளாஸ்டர் தூசியைக் கூட்டிக்கொண்டிருப்பேன். இரண்டுக்கு மேல் என் வேலையைத் தொடங்கி முடிக்க ஏழாகிவிடும். நல்லூர் பஸ் பிடித்து வீடு போனால் என் மகள் காவியா பக்கத்து வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். காலையில் அவள் எழுமுன்பே கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் முகத்தை விழித்த முகமாகப் பார்க்கிறேன். எனக்கென்று தனிப் பெட்டி இருந்தால் காலையிலேயே தொடங்கலாம், ஐந்து மணி பஸ்ஸில் போகலாம். ஒரு வருஷமாகக் கேட்டேன்.

"ஒரு வூட்டுக்கு ஒரு அடுப்பு போதும்மா" என்பார் முதலாளி. அவர் வீட்டில் மூன்று அடுப்பு இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால் சுவிட்சு கருகிவிட்டது. எலெக்ட்ரீஷியன் அர்ச்சுனன் வேறு மாட்டினார். வயர் இடம் மாறிவிட்டது. மறுபடி கழற்றச் சோம்பல்பட்டு, சுவிட்சின் இரண்டு பக்கமும் பெயின்டில் இருந்த 1, 2 எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார். எண்ணைப் பார்த்தே திருப்பச் சொன்னார். பார்த்தே திருப்பினோம்.

பூஜையன்று முதலாளியம்மா கொளஞ்சியம்மாள் எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பெட்டிக்குத் தாராளமாக, உள்ளங்கை அகலத்துக்கு, இரண்டு எண்களையும் சேர்த்து மறைத்து வைத்தார். சாமிக்கு வைத்ததை யார் துடைப்பது?

மறுநாள் இரண்டு மணிக்கு நான் பெட்டியில் ஊறுகாய் ஜாடி வேலையைப் போட்டேன். கை பழைய பழக்கத்தில் திருப்பியது. என் மிஷின் அசையவில்லை. அந்தப் பக்கம் பழமலைநாதன் அண்ணன் காலையில் ஞாபகமாகத் திருப்பி, இரண்டு மணிவரை செதுக்கி முடித்து வைத்திருந்த குதிரை அச்சின் மீது ஒன்றாம் நம்பர் இறங்கியது. ஓடிப் போய் நிறுத்துவதற்குள் ஜாடியின் வாய் குதிரையின் கழுத்தில் வட்டமாக விழுந்துவிட்டது. அளவு சரியாகவே இருந்தது.

எல்லோரும் வந்தார்கள்.

"எண்ணு பாத்து திருப்பமாட்டியா பூர்ணிமா?" என்றார் முதலாளி.

"எண்ணு மேல சந்தனம் இருக்குதுங்க."

"தொடச்சிட்டுப் பாக்கறது."

"அம்மா வெச்சதுங்க. நீங்களே தொடைங்க."

முதலாளி பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது பெட்டி சொல்லிடுறேன்" என்றார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. அன்று வீடு போனதும் காவியாவை எழுப்பி, இனி ஐந்து மணி பஸ்ஸில் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வாயை அடக்கியிருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. மாட்டினார்கள். இரண்டு மிஷினும் சேர்ந்து ஓடின. முதலாளி இடுப்பில் கை வைத்து நடுவில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"அதுபாட்டுக்கு ஓடுது. நின்னு பாக்கத்தான் ஆளு. பழமலை, நீ சூளைப் பக்கம் போயிடு, அங்க ஆளு பத்தல. பூர்ணிமா ரெண்டையும் பாத்துக்கும்."

"நான் அஞ்சு மணிக்கு..." என்றேன்.

"ரெண்டும் ஓடுதுன்னு ஆர்டரு கூட எடுத்துருக்கேன். ரெண்டு மிஷினு வேலையும் முடிஞ்சதும் போலாம்மா. யாரு வேணாங்கறா? முன்ன பின்ன எட்டாகும்."

பழமலைநாதன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சூளைப் பக்கம் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தனிப் பெட்டி, தனிப் பெட்டி என்று ஒரு வருஷம் நச்சரித்த என் மேல்தான் கோபம் வந்தது.

புதுப் பெட்டிக்குப் பூஜை போடக் கொளஞ்சியம்மாள் கிண்ணத்தோடு வந்தார். இந்த முறை எண்ணுக்கு மேல் படாமல் ஓரமாக, கவனமாக வைத்தார். புதுப் பெட்டிக்கு ஒன்று, பழைய பெட்டிக்கு ஒன்று. விரலில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. திரும்பி என் நெற்றியிலும் வைத்தார்.