மணிக்கட்டில் கட்டிய கயிறு

எங்கள் ஆய்வகத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லாரும் கையுறையைச் சரிபார்த்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி ஒரு வாய். பதினெட்டு வருஷமாகக் கத்திக் கத்தியே வேலை பார்த்தவள் நான். "அன்பரசி அக்கா வீட்டுல மாமா காதுல பஞ்சு வச்சிருப்பாரு" என்று யுவனேஸ்வரன் என் முன்னாலேயே கிண்டல் செய்வான். அவனுக்கு மட்டும் அந்தத் தைரியம் உண்டு. எட்டு வருஷம் என் பக்கத்து மேசையில் வேலை செய்தவன்.

கோலசிலாங்கூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். தோட்டங்களுக்கு வாங்கும் பூச்சி மருந்தில் ஒரு போத்தல் எங்களுக்கு வரும். மேலே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். அவற்றில் ஆர்கனோபாஸ்பேட் வகையைத் தொடும்போது நான் பேய் பிடித்தவள் போல ஆகிவிடுவேன். அதைக் குடிக்க வேண்டாம், மோந்து பார்க்க வேண்டாம், தோலில் பட்டாலே போதும். நரம்பைப் பிடிக்கும். எச்சில் ஊற்றும், வேர்த்துக் கொட்டும், கண்ணின் கருமணி கடுகளவு சுருங்கும். அதற்கு மேல் நெஞ்சில் சளி நிறைந்து மூச்சு நின்றுவிடும்.

போன மாசி மாதம் யுவனேஸ்வரன் ஜெராம் சாலையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தான். பெரிய காயம் இல்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோவில் திருவிழாவில் ஒன்பது இழைச் சிவப்புக் கயிறு வாங்கிவந்து, அவன் வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். நல்ல தடிமன்.

"தானா அத்து விழுற வரைக்கும் கழட்டக்கூடாது, கேட்டியா? கழட்டுன, அப்புறம் எங்கிட்டப் பேசாத."

"கழட்டுனா ஆத்தா கண்ணக் குத்துதோ இல்லியோ, நீங்க குத்திருவீங்க" என்றான்.

பத்து நாள் கழித்து அது நடந்தது. ஒரு சாம்பிள் போத்தலின் மூடி கோணலாக இறுகியிருந்தது. யுவனேஸ்வரன் காற்று உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துத்தான் திறந்தான். ஆனால் கையுறையைக் கோட்டுக் கைக்கு உள்ளே சொருகியிருந்தான். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், மேலே இழுத்து விடு என்று. மூடி வெடுக்கென்று வந்ததில் மருந்து அவன் கைமேல் வழிந்து, கோட்டை நனைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது.

நான் அவனைத் தண்ணீருக்குக் கீழே தள்ளினேன். கோட்டு, சட்டை, சப்பாத்து, இடுப்பு வார் எல்லாவற்றையும் கழற்றவைத்துப் பையில் போட்டுக் கட்டினேன். கைக்கடிகாரத்துக்கு மட்டும் கெஞ்சினான்.

"அக்கா, மாதவி வாங்கிக் குடுத்ததுக்கா. வார மட்டும் தொடச்சிட்டு..."

"போடா! தோல் வாரும் துணியும் இந்த மருந்தக் குடிச்சா குடிச்சதுதான். எத்தன தடவ கழுவுனாலும் போவாது. உசுரு வேணுமா, வாட்சு வேணுமா?"

பிடுங்கிப் பையில் போட்டேன். கால் மணி நேரம் சோப்புப் போட்டு அவன் கையை நானே தேய்த்தேன். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமை. மேனேஜர் லிங்கேஸ்வரன் கூட, "நீங்க இருந்ததாலே தப்பிச்சான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று சாயங்காலமே வயிற்றுப்போக்கும் வேர்வையும் வந்தன. ஊசி மருந்து ஏற்றினார்கள். எட்டு நாளில் தேறிவிட்டான். இரத்தப் பரிசோதனையில், இந்த மருந்து குறைத்துவிடும் நொதியின் அளவு மறுபடி ஏறத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் ஆய்வகப் பக்கமே வரக்கூடாது என்று லிங்கேஸ்வரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனும் வரவில்லை.

வீட்டுக்குப் போன ஆறாம் நாள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முன்னைவிட மோசம். டாக்டர் எனக்குப் போன் செய்து, "வேலைக்கு வந்தாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படின்னா வீட்டுலதான் எப்படியோ மருந்து உடம்புக்குள்ள போவுது" என்றார்.

ஆஸ்பத்திரியில் தேறுகிறான், வீட்டுக்குப் போனால் விழுகிறான். இதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரிந்தது. அவன் மனைவி மாதவியை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. நான்கு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பதில் சொல்வாள். ஊமைக் கோட்டான் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். போலீஸ்காரர் ஆய்வகத்துக்கு விசாரிக்க வந்தபோது, "எங்ககிட்ட இருந்து ஒரு சொட்டு வெளிய போவல. வீட்டுல சோறு போடுறவளக் கேளுங்க" என்றேன். இதே வாயால்தான் சொன்னேன்.

மறுபடி சேர்த்த நான்காம் நாள் யுவனேஸ்வரன் இறந்துபோனான். முப்பத்திரண்டு வயது.

மாதவியை இரண்டு தடவை போலீஸ் பாலாய்க்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அடுப்படியை அலசினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஊர் வாய்க்குச் சாட்சி எதற்கு? ஜெராமில் அவள் வேலை செய்த மளிகைக்கடையில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யுவனேஸ்வரனின் அக்கா கலாவதி, மூன்று வயதுப் பிள்ளை கவிஷாவைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொலைகாரியிடம் பிள்ளையை விடுவதா என்று நானும் அதற்குத் தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். கூடத்தில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மாதவி சுவரோரம் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்துப் பாய் முழுக்கக் காலி. மடியில் பிள்ளை சுருண்டு கிடந்தது.

"காலையிலேருந்து வாந்தி எடுக்குது" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

கலாவதி எழுந்துவிட்டாள். "புள்ளைக்கும் குடுத்துட்டாளா பாவி! எந்தம்பி பத்தலன்னு இப்ப இதுவும் வேணுமா ஒனக்கு? யாராச்சும் போலீசக் கூப்பிடுங்க லா!"

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பிள்ளையின் முகத்தைத் திருப்பினேன். சட்டைக் கழுத்து எச்சிலில் நனைந்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. கருமணி கடுகளவு. அப்போதும் என் மனசு மாதவியைத்தான் திட்டியது. அதற்குள் பிள்ளை கையைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டது. மணிக்கட்டில் சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது. அதைச் சப்பியது.

அந்தக் கையை வாயிலிருந்து இழுத்துப் பிடித்தேன்.

"இது ஏது?"

"நீங்க அவருக்குக் கட்டுன கயிறுதாங்கா" என்றாள் மாதவி. "ஆஸ்பத்திரியில அவரு சாமானோட பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்தாங்க. நேத்துதான் பையத் தொறந்தேன். புள்ளையாச்சும் நல்லாருக்கட்டும்னு கட்டுனேன்."

கோட்டைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன். கெஞ்சியும் விடாமல் கடிகாரத்தைப் பிடுங்கினேன். தோல் வாரும் துணியும் குடிச்சா குடிச்சதுதான் என்று பாடம் நடத்தினேன். ஒன்பது இழை நூல் என் கண்ணெதிரில் இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றிச் சோப்புப் போட்டேன். அது ஆத்தா கயிறு. அது துணியாகவே என் கண்ணுக்குத் தெரியவில்லை.

வாழை இலைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு கைக்கும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு கயிற்றை அறுத்து, பைக்குள் பை போட்டுக் கட்டினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் கையையும் வாயையும் கழுவினேன். கலாவதி பின்னாலேயே வந்து கத்திக்கொண்டிருந்தாள்.

"வாய மூடு கலாவதி! எல்லாரும் வாய மூடுங்க!" என்றேன். "மாதவி ஒண்ணும் பண்ணல. வெசம் இந்தக் கயித்துல இருக்கு. அன்னிக்கு லேப்புல கொட்டுனத இது குடிச்சு வச்சிருக்கு. கட்டுனது நான். அவுக்கக்கூடாதுன்னு சொன்னதும் நான். கழட்ட வேண்டிய அன்னிக்குக் கழட்டாம விட்டதும் நான்தான். போலீசக் கூப்பிடணுமா? கூப்பிடு, நானே சொல்றேன்."

நான் காரை எடுத்தேன். மாதவி பிள்ளையோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மருந்தின் பெயரைச் சொன்னேன், நடந்ததைச் சொன்னேன், பையைக் கொடுத்தேன். கவிஷாவை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்து, கருமணி விரிகிறது, மூச்சு சீராக இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்றார். எனக்கு அழுகை வந்தது. மாதவி அழவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாதவி, என்ன மன்னிச்சிரும்மா. நாளைக்கே பாலாய்க்குப் போயி எழுதிக் குடுக்குறேன். இனிமே ஒன்ன ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லமாட்டாங்க."

அவள் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"மொதத் தடவ சேத்தப்ப, ஊசி குத்தணும்னு நர்சு மிஸி கயித்த அறுத்தாங்கக்கா. குப்பையில போடவான்னு கேட்டாங்க. நான்தான் வேணாம்னு வாங்கிப் பத்திரமா வச்சேன். வீட்டுக்கு வந்த அன்னிக்கே சாமிகிட்ட வச்சுக் கும்பிட்டு மறுபடி கட்டிவுட்டேன். ரெண்டு நாள் கழிச்சி, கை அரிக்குது, கழட்டிரு மாதவின்னாரு. நான் விடல. அன்பரசி அக்கா கோவிச்சுக்குவாங்க, கம்முனு இருங்கன்னேன். முடிச்ச இன்னும் இறுக்கிவுட்டேன்."

தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ஊரு சொன்னது நெசந்தானேக்கா? நான்தானே கொன்னேன்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து மிஸி வந்து, "கவிஷா அம்மா" என்று கூப்பிட்டாள். மாதவி எழுந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.