அயுத்தயாவை நாலு தரம் பார்த்தவன்

சிஞோரா பெனேதெத்தா கணவரோடு தாய்லாந்தில் பன்னிரண்டு நாட்கள் இருந்தார். பத்து நாட்கள் கடற்கரை ஹோட்டலில் குடைக்குக் கீழே படுத்திருந்தார். ஒரு நாள் வயிற்றோட்டம். மிச்சமிருந்த ஒரு பகலும் ஓர் இரவும், சுற்றுலா பஸ் ஒன்றில் ஏறி அயுத்தயா என்ற பழைய தலைநகரைப் பார்த்தார். இத்தாலியின் பலெர்மோவுக்குத் திரும்பிய பின் அந்தப் பகலும் இரவும் நன்றாக ஊறிப் பெருத்து, ‘மறைந்துபோன பேரரசின் ஊடாக என் பயணம்’ என்று தங்க எழுத்து அழைப்பிதழாகிவிட்டன. சனிக்கிழமை மாலை ஆறு மணி, சிஞோராவின் வரவேற்பறையில், நூற்று நாற்பது ஸ்லைட் படங்களுடன் சொற்பொழிவு. முடிவில் தாய்லாந்து அரண்மனைச் சிற்றுண்டி.

அரண்மனைச் சமையல்காரன் சிவபாலன். ஐந்து வருடமாக அந்த வீட்டில் தங்கி வேலை செய்கிறான். ஊர் யாழ்ப்பாணத்து நீர்வேலி. சமையல், கூட்டுதல், நாயை உலாத்தக் கொண்டுபோதல், சிஞோராவின் கணவரான அவ்வொக்காத்தோவின் சப்பாத்துத் துடைத்தல் எல்லாம் அவன்தான். சிஞோரா என்றால் சீமாட்டி, அவ்வொக்காத்தோ என்றால் வழக்கறிஞர். வழக்குக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது, பட்டம் மட்டும் ஓய்வுபெறவில்லை.

சிவபாலனுக்கு அந்த வைபவத்திலிருந்து வேண்டியிருந்தது ஒரேயொரு கையெழுத்து. மனைவி குகனேஸ்வரி ஏழு வருடமாகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருக்கிறாள். அவளைக் கூப்பிடுவதென்றால், முதலாளி ஒப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தைக் குவெஸ்தூராவில் கொடுக்கவேண்டும். வெளிநாட்டுக்காரரின் கடுதாசிகளைப் பார்க்கும் அந்தப் பொலிஸ் கந்தோரில் அவனுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தவணை. தவறினால் அடுத்த தவணை ஆறு மாதத்துக்குப் பிறகு. ஒப்பந்தம் மூன்று கிழமையாகச் சிஞோராவின் மேசையில், பாங்கொக் விமான நிலையத்தில் வாங்கிய சலவைக்கல் யானைக்குக் கீழே கிடந்தது. கேட்கும்போதெல்லாம் சிஞோரா, “என்ரை பிரசங்கம் நல்லபடி முடியட்டும், சிவா” என்று சொல்லிவிட்டு யானையைச் சற்று நேராக வைப்பார்.

சனி விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பல்லரோ சந்தையில் சூரை மீன் வாங்கிவந்தான். உதவிக்கு எமிலியானுஸ் வந்திருந்தான். மன்னார்க்காரன், மேல்மாடி வீட்டில் வேலை. அவித்த மீனையும் உருளைக்கிழங்கையும் பிசைந்து உருட்டிக்கொண்டே கேட்டான்.

“மச்சான், உதுக்கு என்ன பேர் சொல்லப்போறாய்?”

“கட்லற்.”

“கட்லற் எண்டால் அரண்மனை என்னத்துக்கு? ராசா சாப்பிட்டது எண்டு சொல்லு.”

“சிஞோரா சொல்லுவா. நீ மிளகாயைக் குறை. ராசாமார் அழுதுபோடுவினம்.”

குசினி மேசையின் மறுபக்கத்தில், தோசைக்கல் அளவு வட்டமான ஸ்லைட் தட்டு இருந்தது. சிஞோரா வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டிக் காட்டி நூற்று நாற்பது படத்தையும் குலைத்துவிட்டிருந்தார். திரும்ப அடுக்கப் பார்த்தபோது எல்லாச் செங்கல்லும் ஒரே செங்கல்லாகத் தெரிந்தது. “எந்த ஒழுங்கிலும் போடு, சிவா. கவிதைக்கு ஒழுங்கு தேவையில்லை” என்று சொல்லி வேலையை அவனிடம் தள்ளிவிட்டார்.

சிவபாலன் ஒவ்வொரு படமாகக் குசினி விளக்கில் பிடித்துப் பார்த்தான். ஒன்றைக்கூட இரண்டாம் தரம் பார்க்கத் தேவைப்படவில்லை. வரிசையாகச் செருகிக்கொண்டு போனான்.

எமிலியானுஸ் எட்டிப் பார்த்தான். “கோபாலசிங்கத்தாற்றை ரூட் எல்லோ?”

“ஓம். அதே ரூட். அதே மத்தியானச் சோத்துக்கடை.”

கோபாலசிங்கம் அவர்களை இத்தாலிக்கு ஏற்றிய ஏஜென்ற். தன்னைப் ‘பயண ஆலோசகர்’ என்றுதான் சொல்லிக்கொள்வார். தொண்ணூறாம் ஆண்டு பாங்கொக்கில் பதினொரு பேரை ஓர் அறையில் நான்கு மாதம் வைத்திருந்தார். பொலிஸ் சுற்றிவளைக்கப்போவதாகத் தகவல் வந்தால், விடியவே எல்லாரையும் வான் வண்டியில் ஏற்றி அயுத்தயாவுக்கு ‘பகல் இரவுச் சுற்றுலா’ அனுப்பிவிடுவார். நடுச்சாமத்தில் திரும்பி வரும்போது பொலிசும் களைத்துப் போயிருக்கும். ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு கமரா. கமராவில் பிலிம் கிடையாது. “படம் எடுக்கிற மாதிரி நில்லுங்கோ. சும்மா நிண்டால்தான் அகதி” என்பது அவருடைய ஆலோசனை.

நான்கு மாதத்தில் நான்கு தரம் சுற்றிவளைப்பு, நான்கு தரம் சுற்றுலா, நான்கு தரமும் அதே வழிகாட்டி. இவ்வளவு பக்திமான்களைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று நாலாம் தரம் அந்த மனிதர் கண்கலங்கினார்.

“சிஞோராவிட்டைச் சொல்லிப்போடாதை, நாங்களும் போனனாங்கள் எண்டு” என்றான் எமிலியானுஸ். “ஏழு வருசத்துக்கு முந்தி வேலைக்காரன் பாத்த இடத்தைத் தான் கண்டுபிடிச்சதெண்டு தெரிஞ்சால், கையெழுத்தென்ன, கைநாட்டும் கிடையாது.”

“சொல்ல எனக்கென்ன விசரே?”

கடைசியில் ஒரு படம் மிஞ்சியது. ஆற்றங்கரை, ஒரு கோபுரம், செம்மஞ்சள் வானம். அவனுக்கு அது எந்த இடமென்று தெரியவில்லை. வெளிச்சத்தை வைத்துப் பகலுக்கும் இரவுக்கும் நடுவில் சொருகினான்.

ஆறு மணிக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்தார். சிஞோரா தாய்லாந்துப் பட்டுடுத்திச் சுவரில் விழுந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்றார். முழங்கை இடிக்கும் தூரத்தில் சிவபாலன் புரொஜெக்டரின் பொத்தானை அழுத்தினான். விடியற்காலையிலிருந்து அவன் உட்காரவேயில்லை.

முதல் மூன்று படங்களுக்கும் சிஞோரா, “நித்தியம்” என்றார். நாலாவது படத்துக்கு, “இதுவும்” என்றார்.

“இந்த நகரம் எப்படி அழிந்தது, சிஞோரா?” என்று பேராசிரியர் கேட்டார்.

சிஞோரா மூச்சை இழுத்தார். அந்த மூச்சிலிருந்து ஒன்றும் வரப்போவதில்லை என்பது சிவபாலனுக்குத் தெரிந்தது. பிரசங்கம் கெட்டால் கடுதாசியும் கெட்டது.

“பர்மாக்காரர். படையெடுப்பு” என்று இருட்டுக்குள் முணுமுணுத்தான்.

“பர்மியப் படையெடுப்பு!” என்று சிஞோரா முழங்கினார்.

அதற்குப் பிறகு அவன் முணுமுணுக்க, அவர் முழங்கினார். மர வேருக்குள் சிக்கிய புத்தர் தலை வந்தது. சுற்றிலும் எல்லாரும் குந்தியிருக்க, சிஞோரா மட்டும் மரத்தில் சாய்ந்து நிமிர்ந்து நின்றார்.

“மற்றவர்கள் ஏன் குந்தியிருக்கிறார்கள்?” என்று பேராசிரியர் கேட்டார்.

“புத்தரின்ரை தலைக்கு மேலை எங்கடை தலை நிக்கக்கூடாது” என்றது இருட்டு.

“புத்தரின் தலைக்கு மேலே நம் தலை உயரக்கூடாது” என்றார் சிஞோரா. பிறகு சுவரில் தன் தலையைப் பார்த்தார். “நான்... குந்தப் போகும் கணம் அது.”

மிஞ்சிய அந்தப் படம் வந்தபோது அவரும் பேசவில்லை, இருட்டும் பேசவில்லை. பேராசிரியர் கைக்குட்டையை எடுத்தார். “சொல்லில் அடங்காதது” என்றார். அன்று மாலை மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

கட்லற் இருபது நிமிடத்தில் முடிந்தது. சியாமிய அரசிகள் பிரசவத்துக்குப் பின் உண்டது என்று சிஞோரா சொல்ல, ஒருவர் செய்முறை எழுதிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை தங்கள் கழகத்திலும் இதைச் செய்யவேண்டும் என்று பேராசிரியர் கேட்டுக்கொண்டார்.

கடைசி விருந்தாளி போனதும் சிவபாலன் தட்டைப் புரொஜெக்டரிலிருந்து கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் யானையை நகர்த்தி ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினான்.

“சிஞோரா, திங்கட்கிழமை...”

சிஞோரா அவன் தோளைத் தட்டினார். “சிவா, இண்டைக்குத்தான் உன்ரை அருமை தெரிஞ்சுது. என்ரை பக்கத்திலை நிண்டு நிண்டே எவ்வளவு படிச்சிட்டாய்! மனுசி வந்தால் நீ பல்லரோவிலை அறை எடுத்துக்கொண்டு போயிடுவாய். பிறகு எனக்கு ஆர் புரொஜெக்டர் பிடிக்கிறது? கழகம் முடியட்டும். அதுக்குப் பிறகு திராப்பனி நகரத்திலையும் கூப்பிடுவினம். வசந்த காலத்திலை பாப்பம்.”

பதினைந்து மணி நேரம் நின்ற சிவபாலன் நின்றபடியே உறங்கிவிட்டான். தலை முன்னால் சரிந்தது, தட்டும் சரிந்தது. மூடியைப் பூட்ட மறந்திருந்தான். நூற்று நாற்பது படமும் சலவைக்கல் தரையில் சரசரவென்று கொட்டிக் கதிரைகளுக்குக் கீழே ஓடின.

சிஞோரா பட்டுடையோடு தரையில் குந்தினார், அயுத்தயாவில் குந்தாததற்குச் சேர்த்து. ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்தார்.

“இது... பகலோ, சிவா?”

சிவபாலன் பக்கத்திலிருந்த வெல்வெட் கதிரையில் உட்கார்ந்தான். ஐந்து வருடத்தில் அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தபிறகுதான் கால் எவ்வளவு நோகிறது என்று தெரிந்தது.

“தெரியேல்லை, சிஞோரா.”

“முதல் எது?”

“ஒண்டும் ஞாபகமில்லை. களைப்பு. மனுசியின்ரை யோசினை வேறை. திங்கட்கிழமை அந்த அலுவல் முடிஞ்சால் ஒருவேளை ஞாபகம் வரும்.”

மூலையில் மெத்தைக் கதிரையில் இருந்த அவ்வொக்காத்தோ வாய்விட்டுச் சிரித்தார். எழும்பி வந்து பேனையைத் திறந்து மனைவியிடம் நீட்டினார். “போடு, பெனேதெத்தா. நான் படிச்ச சட்டத்திலை இதைவிட நல்ல வாதம் இல்லை.”

சிஞோரா தரையில் குந்தியபடியே கையெழுத்திட்டார்.

குசினியில் எமிலியானுஸ் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றான். “வேணுமெண்டுதானே விழுத்தினனீ, கள்ளா?”

“இல்லையடா. உண்மையா நித்திரை.”

“ஒருத்தரும் நம்பாயினம்.”

“நம்பாட்டிப் பரவாயில்லை. பிளேன்ரீ ஒண்டு ஊத்து.”

மேசையில் படங்களைக் குவித்து மறுபடி அடுக்கினான். அந்த ஆற்றங்கரைக் கோபுரம் திரும்பவும் மிஞ்சியது. அவ்வொக்காத்தோ தண்ணீர் எடுக்க வந்தபோது காட்டிக் கேட்டான்.

“அது நான் எடுத்தது” என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. “அந்த நேரம் பெனேதெத்தா பஸ்ஸிலை நல்ல நித்திரை. அவவுக்குச் சொல்லாதை.”

சிவபாலனுக்கு இப்போது விளங்கியது. பகல் முடிந்து இரவுச் சந்தைக்குப் போகும் வழி. நான்கு தரமும் அவனும் வான் வண்டியில் அந்த இடத்தில்தான் தூங்கிப்போயிருந்தான். வழிகாட்டி தட்டி எழுப்பினாலும் பதினொரு பக்திமான்களில் ஒருவரும் எழும்புவதில்லை.

“எங்கை வைக்கிறது, அவ்வொக்காத்தோ?”

“வைச்ச இடத்திலையே வை. அதுக்குத்தானே எல்லாரும் கை தட்டினவை.”

அவர் போனதும் சிவபாலன் படத்தை இன்னொரு தரம் விளக்கில் பிடித்துப் பார்த்தான். பிறகு தட்டில் செருகி, மூடியைப் பூட்டி, பூட்டினதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். ஒப்பந்தத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேசையிலேயே தலையைச் சாய்த்தான். தேநீர் வரும்போது அவன் தூங்கியிருந்தான். எமிலியானுஸ் தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டு, அதைத் தானே குடித்தான்.