மூச்சுக்கு இடம்

"நரம்பு தெரியுதாக்கா?" என்று தம்பி கேட்டதே ஊசியக்காவுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகள் வார்டில், கண்கூடத் திறக்காத பிஞ்சுகளின் கையில் நரம்பு தேடிப் பிடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! "வாயை மூடிக்கிட்டுப் பறவையை ஆடாம பிடிடா" என்றாள். ஊருக்கு அவன் பறவை டாக்டராக இருக்கலாம். அக்காவுக்கு என்றைக்கும் மூக்கொழுகிப் பயல்தான்.

வழக்கமாக ரத்தம் எடுக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், லீவில் இருந்த அக்காவைக் கையோடு இழுத்து வந்திருந்தான். கடலோரப் பாறை முழுக்கக் கடற்பறவைக் கூடுகள். எச்சத்தின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. இந்த வருஷம் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. பெற்றதுகளுக்கு நோயா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காட்டுப் பறவை நோவை வெளியே காட்டாது, விழுகிற நாள்வரைக்கும் விறைப்பாகத்தான் நிற்கும். ரத்தத்தைச் சோதித்தால்தான் உண்டு.

இறகை ஈரப்பஞ்சால் ஒதுக்கியதும் இடது இறக்கை மடிப்பில் நீல நூலாக நரம்பு தெரிந்தது. ஒரே குத்து. ரத்தம் ஏற ஏற சிரிஞ்சு அவள் விரலுக்குச் சுட்டது.

"ஏன்டா, இதுக்குக் காய்ச்சல் அடிக்குதா?"

"இல்லக்கா. அதோட உடம்பே இந்தச் சூடுதான்."

அடேயப்பா! ஒரு குழந்தைக்கு இந்தச் சூடு இருந்தால் வார்டே பதறி ஓடும். இது இந்தச் சூட்டோடு நாள் முழுக்கக் கடல்மேல் பறந்து, குளிர்ந்த தண்ணீரில் தலைகுப்புற விழுந்து மீன் பிடிக்கிறது.

"கொஞ்சம் வச்சிரு. ட்யூப்பை ஐஸ்ல வச்சிட்டு வரேன்" என்று பறவையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தம்பி திரும்பிக்கொண்டான். உருவத்துக்குக் கனமே இல்லை. திமிறியது. ஊசி போட்ட பிள்ளையை எப்படி அணைப்பாளோ, அப்படியே துணியைச் சுற்றி நெஞ்சோடு இறுக்கினாள். முதுகைத் தட்டிக்கொடுத்தாள். திமிறல் அடங்கியது. தலையும் மெல்லச் சாய்ந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாருடா, என் கையில தூங்கியே போச்சு."

தம்பி திரும்பிப் பார்த்தான். "ஐயோ அக்கா! கையை எடு! நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் அதுக்கு மூச்சு!"

கை தானாக விரிந்தது. துணியைப் பிரித்து மடியில் கிடத்தினார்கள். அலகு திறந்து கிடந்தது. எத்தனையோ குழந்தைகளை மூச்சுக்குத் திருப்பிய கைகள், தொடவே பயந்து அந்தரத்தில் நின்றன. இரண்டடி தள்ளி, கூட்டில் அதன் குஞ்சு பஞ்சுருண்டையாகக் கத்திக்கொண்டிருந்தது.

"கொன்னுட்டேனாடா?" என்றாள்.

தம்பி குனிந்து அதன் நெஞ்சையே பார்த்தான். இறகுகளுக்கு அடியில் ஏதோ லேசாக எழும்பியது. இன்னொரு முறை. பிறகு நெஞ்சு முழுக்க விரிந்து எழுந்தது. பறவை கண்ணைத் திறந்தது, அவள் கட்டைவிரலை வெடுக்கென்று கொத்தியது, பாறை விளிம்புவரை தத்திப் போய்க் கடல்மேல் விழுந்து பறந்தது.

"சொல்லாம விட்டது என் தப்புக்கா" என்றான் தம்பி. "ஆனா மிரண்டது சில நேரம் திரும்பி வராது. ஜோடி தனியா ஊட்டிச் சமாளிக்காது. குஞ்சு போயிடும்."

ஊசியக்கா விரலைக்கூடத் துடைக்கவில்லை. வானம் கொள்ளாத பறவைகள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே கூச்சல். அதில் எதை என்று தேடுவது? வெயில் ஏறியது. குஞ்சு கத்திக் கத்தி ஓய்ந்து கழுத்தைத் தொங்கப்போட்டது.

அப்போது ஒன்று இறங்கியது. அவளைச் சட்டையே செய்யாமல் கூட்டுக்குப் போனது.

"அதுவாடா?"

"ஜோடியாவும் இருக்கலாம்."

குஞ்சு அதன் தொண்டைக்குள் தலையைக் கழுத்துவரை நுழைத்தது. தள்ளாடாமல் நிற்கப் பறவை இரண்டு இறக்கைகளையும் அகல விரித்தது. இடது இறக்கையின் அடியில், ஊசி இறங்கிய இடத்தில், கன்றிப்போன நீலம்.