மாமாவின் ஹெட்ஃபோனும் ஓயாத ஸ்பீக்கரும்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு ஸ்பீக்கரிலிருந்து எனக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய ஸ்பீக்கர் அது. ஒட்டுக்கேட்டு எழுதுகிறாளே என்று முகம் சுளிக்கிறீர்களா, தாராளமாகச் சுளியுங்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "முதியவர் இசையைக் காதலித்தார்." அடித்துவிட்டேன். மாமா, அதாவது என் கணவரின் அப்பா, எதையாவது காதலித்ததாக யாரிடமும் சொன்னதில்லை. அடுத்து: "வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, உள்ளே ஒரு". பெய்யவில்லை. துணி காயப்போட்டிருந்தேன், நல்ல வெயில்.

2

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் ஒற்றை ஆளாக ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, இரைச்சலிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். அதில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. காதுக்கு மிஷின் வாங்கலாம் என்றால் கேட்க மாட்டார்.

[ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று ஒரு வரைவில் அவரைக் கடிகாரக் கடைக்காரர் ஆக்கியிருந்தேன். என் கணவர் படித்துவிட்டு, அப்பா கையில் கைக்கடிகாரத்தைக் கொடுத்தால் நசுங்கிவிடும் என்றார். மறுபடி கிரேனில் ஏற்றிவிட்டேன்.]

அத்தை காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். 'ம்', 'சரி', 'எதுக்கும்மா' என்ற மூன்றை வைத்தே நாளை ஓட்டிவிடுவார். அவரோடு அவருடைய பாட்டுப் பெட்டிச் சாமான்களும் வந்து சேர்ந்தன: ஒரு கனமான ஆம்ப்ளிஃபயர், சி.டி. ப்ளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். எல்லாம் கூடத்தில். நான் எழுதும் மேஜையும் கூடத்தில்தான். அவர் வைக்கும் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். "மாமா, கொஞ்சம்..." என்று இழுப்பேன். உடனே குறைத்துவிடுவார். முகம் கோணியதே கிடையாது. அப்புறம் ஸ்பீக்கரைப் பார்த்தபடியே அசையாமல் உட்கார்ந்திருப்பார். லயித்துக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு எழுதுவேன்.

இருந்தாலும் அவர் மறந்துபோய் ஏற்றுவதும் நான் இழுப்பதுமாக இருந்தது. அதனால் ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரில் அதைச் செருக இடமே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், சோப்புப் பெட்டி அளவுக்கு, அதையும் வாங்கினேன். உங்களுக்காகத்தான் மாமா என்றேன். எனக்காகத்தான்.

3

இணைப்பது பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியாது. கதை அந்த வயரில்தான் தொங்குகிறது.

ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருந்தது. 'டேப்' என்று போட்ட இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஜோடி. ஒன்றுக்கு 'இன்', இன்னொன்றுக்கு 'அவுட்'. பாட்டு ஹெட்ஃபோனுக்கு உள்ளேதானே போக வேண்டும் என்று 'இன்'னில் குத்தினேன்.* கப்சிப். ஹெட்ஃபோன் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டேன். பாட்டு பெரிய பெட்டியை விட்டு வெளியே வந்தால்தான் சின்னப் பெட்டிக்குப் போகும், 'அவுட்'டில் குத்துங்கள் என்றார். குத்தினேன். பாடியது. ஸ்பீக்கரும் கூடவே பாடியது.

அது அப்படித்தானாம். பெரிய பெட்டியின் சத்தக் குமிழ் ஸ்பீக்கருக்கு மட்டும். சின்னப் பெட்டியின் குமிழ் ஹெட்ஃபோனுக்கு மட்டும். ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது. "அவர் கேக்கும்போது பெரிய குமிழ சுத்தமா இறக்கிடச் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். மாமாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.

* பொறியியல் படித்த என் கணவர் அப்போது பக்கத்தில்தான் இருந்தார், டார்ச் பிடித்துக்கொண்டு. அவரும் 'இன்' என்றுதான் சொன்னார். அவர் இதைப் படிப்பார் என்பதால் குறித்து வைக்கிறேன்.

4

மறுநாள் மதியம் மாமா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். குமிழை இறக்கவில்லை. நான் எப்போதும் கேட்டு வாங்கும் அந்த மெல்லிய அளவிலேயே அது நின்றிருந்தது. எழுந்துபோய் இறக்கலாம் என்று நான் நாற்காலியைத் தள்ளும்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசினாள்.

"பாடம் நான்கு. வீடு தேடுதல்."

தமிழில் ஒரு வாக்கியம், அதே வாக்கியம் வேறொரு மொழியில். என் நாத்தனார் குடும்பத்தோடு இருக்கும் ஊரின் மொழி அது. போன் பேசும்போதெல்லாம், இங்கே வந்துவிடுங்கள் அப்பா என்று அவள் கூப்பிடுவாள். இவர் "ம்" என்பார்.

"எனக்கு ஒரு சிறிய அறை வேண்டும்." மாமா அந்த மொழியில் திருப்பிச் சொன்னார்.

"நான் தனியாகத்தான் இருப்பேன்." சொன்னார்.

"நான் சத்தம் போட மாட்டேன்." சொன்னார். சி.டி.யைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டு மறுபடி சொன்னார். மறுபடியும். அந்த வாக்கியத்தை அவர் விடவே இல்லை.

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நாக்கு அங்கே தடுக்கியதா, மனசு தடுக்கியதா? எனக்கு இப்போதும் குழப்பம்தான். வாக்கியம் பாடத்தில் இருப்பது. யாருடையதும் இல்லை. ஆனால் சொன்ன வாய் எங்கள் வீட்டு வாய் ஆயிற்றே.

5

இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

பாடத்தின் நடுவில் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஸ்பீக்கரை ஒட்டி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அவர் இடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பெண் வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு மேஜையிலிருந்து ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை.

அப்படியானால், நான் "கொஞ்சம்..." என்று இழுத்து வாங்கிய அளவு அவருக்கு வெறும் மௌனம். அத்தனை மாதமும் பேசாத ஸ்பீக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் மனுஷன், நான் எழுத வேண்டும் என்பதற்காக. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதற்குள் அவர் மறுபடி உட்கார்ந்து ஹெட்ஃபோனை

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இருக்கட்டும்.]

6

முடிவுகள் சில யோசித்தேன்.

அவருக்குத் தெரியாமல் நானே குமிழை இறக்கிவிடுகிறேன். நாகரிகமான முடிவு. ஆனால் அவர் மகள் ஊருக்குப் போகிறாரா, என்னால்தான் போகிறாரா என்பது தெரியாமலே போய்விடும்.

ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருந்தது மாமா என்று சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷமே பாடத்தை நிறுத்திவிடுவார். அப்புறம் ஹெட்ஃபோனையும் தொட மாட்டார்.

கணவரிடம் பொறுப்பைத் தள்ளுகிறேன். தள்ளியும் பார்த்தேன். அவர் சிரித்தார். "அந்தப் பாடத்துல 'என் மாமா பல் டாக்டர்'னுகூட வரும். அதுக்காக உன் மாமா பல் டாக்டர் ஆயிடுவாரா?" கொஞ்ச நேரம் கழித்து அவரே அடுக்களை வாசலில் வந்து நின்றார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "நீயே கேளேன். நான் கேட்டா 'ம்'னுதான் சொல்வாரு" என்றார்.

7

கேட்டேன். கொஞ்சம் தந்திரமாகத்தான். மாமா முணுமுணுப்பது எப்படியும் வீட்டுக்குக் கேட்கும், ஸ்பீக்கரைப் பற்றி வாயைத் திறக்க வேண்டியதில்லை. பாடம் முடிந்து அவர் ஹெட்ஃபோனைக் கழற்றியதும் எதிரில் போய் நின்றேன்.

"மாமா, நீங்க படிக்கிற மொழிய எனக்கும் சொல்லித் தர்றீங்களா?"

"எதுக்கும்மா?"

கதை எழுதுகிறவள், எதற்கு என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, அவரிடம் நான் கேட்டே இராத ஒரு குரலில், சின்னப் பையன் மாதிரி ஆசையாகக் கேட்டார்.

"நீயும் வர்றியா?"

இதற்குக் கீழே நான் சொன்ன பதில் வர வேண்டும். வருகிறேன் மாமா என்று எழுதினேன், பொய். போகாதீங்க மாமா என்று எழுதினேன், அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. மன்னிச்சிடுங்க என்று எழுதினேன், எதற்கு என்று கேட்பார். மூன்றையும் அடித்தாயிற்று. அவர் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.