விரலில் ஒட்டிய பாகு

தபசுகாலத்தில் முப்பத்தைந்து நாள் ஓடிவிட்டது. அந்தோணிசாமி இன்னும் ஒரு தப்பும் பண்ணவில்லை. சந்தியாகுவுக்கு வயிறு எரிந்தது.

பண்டசோழநல்லூர்க் கோயிலில் பெரிய வெள்ளியன்று பாரச்சிலுவை சுமக்கிறவன், தபசுகாலம் முழுக்க ஒருசந்தி முறியாமல் இருந்திருக்க வேண்டும். பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்தபின் ஒரே வேளைச் சோறு. போன வருஷம்வரை சாராயக்கடையே கதியென்று கிடந்த அந்தோணிசாமி, அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷத்து விபூதிப் புதனன்று, பிரெஞ்சுக்காரச் சாமியார் பூசிய சாம்பல் நெற்றியோடு எழுந்து, "இந்த வாட்டி நான் தூக்கறேன்" என்றபோது கோயிலே சிரித்தது. ஆறு வருஷமாகச் சுமந்துவந்த சந்தியாகு சிரிக்கவில்லை. அந்தோணிசாமி தன் அக்காள் புருஷனாக இருந்தால் என்ன, சிலுவை தன்னுடையது. கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரோ, "கொறையில்லாம இருந்தா அவனுக்கு. இல்லன்னா ஒனக்கு" என்று முடித்துவிட்டார்.

அன்று முதல் சந்தியாகு கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தான். இருவருக்கும் ஒரே கரும்பாலையில் வேலை. அந்தோணிசாமி கொப்பரையில் வெல்லம் காய்ச்சுவான், சந்தியாகு அடுப்புக்குச் சக்கை தள்ளுவான். பட்டினி வயிற்றோடு, நாள் முழுக்கப் பாகு வாசனையை முகர்ந்துகொண்டு அந்த மனிதன் அனலில் நின்றானே, அதைப் பார்த்தால் எதிரிக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். சந்தியாகுவுக்கும் தோன்றியது. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

சந்தியாகுவும் ஒருசந்திதான் இருந்தான். நடுவில் மணப்பட்டுக்குக் கருவாடு வாங்கப் போன இடத்தில், உச்சிவெயிலில் ஒரு சட்டி கூழ் குடித்தான். பிரயாணத்தில் இருப்பவனுக்கு அது பாதகமில்லை என்று தானே ஒரு சட்டம் போட்டுத் தள்ளிவிட்டான்.

பெரிய வாரத்துச் செவ்வாய் மத்தியானம் அது நடந்தது. அந்தோணிசாமி ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்தான். இருபது வருஷப் பழக்கம். விரல் தானாக வாய்க்குப் போய்விட்டது. நக்கியபின்தான் அவனுக்கே உறைத்தது. அப்படியே நின்றான். சந்தியாகு பார்க்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

வேலை முடிந்ததும் உபதேசியார் வீட்டுக்கு ஓடினான். அங்கே அந்தோணிசாமி முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான்.

"முறிஞ்சி பூட்சிங்க. வெரலை நக்கிட்டேன். யாரும் பாக்கல, ஆனா நக்கிட்டேன். சிலுவைய மச்சானுக்கே குடுத்துடுங்க. அவன் சுத்தமா இருந்தான்."

உபதேசியார் திரும்பினார். "இன்னாப்பா சந்தியாகு, கொறையில்லாம இருந்தியா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சந்தியாகு அந்தோணிசாமியைப் பார்த்தான். ஒரு விரல் பாகுக்கு இந்த மனிதன் தானே வந்து நிற்கிறான். ஒரு சட்டிக் கூழை முழுங்கிவிட்டு நாம் கோள் சொல்ல ஓடிவந்திருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மணப்பட்டுல கூழு குடிச்சேங்க, பட்டப்பகல்ல. மாமா எதிர்ல பொய் சொல்ல வாய் வரல. அவரே தூக்கட்டும்."

உபதேசியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மொறைப்படி ரெண்டு பேருக்கும் இல்ல. ரெண்டு பேரும் மறைக்காம சொன்னதால ஆளுக்கொரு பக்கம் புடிங்க" என்றார்.

பெரிய வெள்ளியன்று முன்பாரம் அந்தோணிசாமியின் தோளில் இருந்தது. ஆறு வருஷமும் ஜனங்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்றே பார்த்து நடந்த சந்தியாகு, அன்று அடிமுனையைத் தாங்கிக்கொண்டு, மாமாவின் வியர்த்த முதுகை மட்டும் பார்த்து நடந்தான். பாதிப் பாரம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவனுக்குச் சிலுவை கனத்தது.