சுகிமோரிக்குக் காத்திருக்கத் தெரியாது

என் உயிர் இப்போது ஹிமித் துறைமுகத்துத் தெருவில், ஒரு முடிதிருத்தும் கடையின் பின்னறையில், தோகுஜியின் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. அவன் கத்தரிக்கோல் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் கவலைப்படுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் காதுகள் ஏற்ற இறக்கமாக இருப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைப்பது அவன் கைவண்ணத்தால்தான்.

அந்தப் பின்னறையில் ஒரு பழைய டிவியும் அதைவிடப் பழைய வீடியோ கேம் பெட்டியும் இருக்கின்றன. பெட்டியில் செருகியிருக்கும் கேசட்டின் பெயர் 'மூழ்கிய கோயில்'. நாலு பேர் வரிசையாக ஊர் ஊராக நடந்து, பேய்களைச் சமாளித்து, கடைசியில் கடலடியில் இருக்கும் கோயிலின் கதவைத் திறக்க வேண்டும். நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். தோகுஜி தன் பெயரை வைத்தான். படகுக்காரன் சுகிமோரி, நூடுல்ஸ் கடை யாசுயே, ஷோசாகு ஆகிய நான் என்று மற்ற மூன்று இடங்களையும் நிரப்பினான். அப்போது எல்லோருக்கும் முடி கறுப்பு.

சுகிமோரி அந்தக் கடையில் தன் முறை வரும்வரை உட்கார்ந்ததே இல்லை. வாசலில் நின்று செருப்பால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பான். தோகுஜியின் கை நடுங்குவதற்கு அதுதான் காரணம் என்று தோகுஜி சொல்வான்.

அந்த விளையாட்டை வெளியிட்ட கம்பெனி சீக்கிரமே மூடிக்கொண்டது. வாங்கிய பையன்கள் வைதார்கள். மற்ற விளையாட்டுகளில் பெயர் சிவந்தால் ஆள் சாகப் போகிறான் என்று பொருள். இதிலோ உயிரோடு இருப்பவன் பெயர்தான் சிவப்பு. செத்தவன் பெயர் வெள்ளை. எங்கள் கல்லறைகளில் அப்படித்தான். என் மனைவி கிகுனோ போனபோது, கல்லில் அவளுக்குச் செத்தபின் வைத்த மறுமைப் பெயருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒன்றைக் கோயிலில் வாங்கி வெட்டிவிட்டார்கள். எனக்கு இன்னும் நேரம் வராததால் அந்த எழுத்துகளில் மட்டும் சிவப்புச் சாயம். பையன்கள் கல்லறைப் பக்கம் எங்கே போகிறார்கள்? சிவப்பைக் கண்டதும் கையிலிருந்த மருந்தையெல்லாம் முதல் ஊரிலேயே ஊற்றித் தீர்த்தார்கள். பிறகு கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள்.

கடல் தாண்டியும் அது போகவில்லை. செத்தவனுக்குக் கோயிலில் புதுப் பெயர் வைப்பது ஏன் என்று அங்கே யாருக்கும் புரியவில்லையாம். அந்த விளையாட்டின் உயிரே அதுதான்.

இதில் செத்தவன் மறைந்துபோவதில்லை. வழியில் இருக்கும் கோயில் துறவி அவனுக்கு மறுமைப் பெயர் வைப்பார். அதன்பின் அவன் வெள்ளைப் பெயரோடு வரிசையின் கடைசியில் நடந்து வருவான். சத்திரத்தில் அவனுக்கும் ஒரு கிண்ணம் சோறு வைக்க வேண்டும். மறந்தால் மறுநாள் மெதுவாக நடப்பான். அவனுக்காக மற்றவர்களும் மெதுவாக நடப்பார்கள். வாளை உருவாமல் குனிந்து வணங்கினால் சில பேய்கள் தாமும் குனிந்துவிட்டு வழிவிடும். இசை என்று பார்த்தால் மணியடிப்பது போல மூன்றே சுரங்கள். ஆழத்துக்குப் போகப் போக நடுச் சுரம் தாமதமாகும். வருமா வராதா என்று நம் மூச்சு அதற்காக நிற்கும். இப்படி ஒரு பொருளைச் செய்தவர்கள் கடன்காரர்களுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

விளையாட்டில் சுகிமோரியை ஒரு நண்டு கொன்றது. துறவி 'அலைப்பாதை தெளிந்தவர்' என்று பெயர் வைத்தார்.

"நண்டு கையால சாவா?" என்று சுகிமோரி வாசலில் நின்றபடி சிரித்தான். "தினம் அதைத்தானடா வேகவெச்சுத் தின்னுறேன்."

அந்தக் குளிர்காலத்தில் அவன் படகு மட்டும் திரும்பி வந்தது. எங்கள் கோயிலின் ரியோயென் சாமி அவனுக்கு வைத்த மறுமைப் பெயர் 'அலைப்பாதை தெளிந்தவர்'. சாமிக்கு டிவி பார்க்கும் பழக்கம்கூடக் கிடையாது.

அடுத்து விளையாட்டில் யாசுயே சதுப்பில் விழுந்தாள். அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில மருந்து இருந்துச்சே, ஊத்தினா என்னவாம்?"

"கடைசிக் கட்டத்துக்கு வெச்சிருக்கேன் யாசுயே."

"வெச்சுக்கோ, வெச்சுக்கோ. தலைக்குத் தேய்ச்சுக் குளி."

பிறகு தன் கடையில், கொதிக்கும் பானைக்கு முன்னால் கரண்டியும் கையுமாக அவள் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். சாமி வைத்த பெயரைக் கேட்க நான் காதைப் பொத்திக்கொண்டுதான் போனேன். பொத்தியும் கேட்டது. திரையில் துறவி அவளுக்கு வைத்த அதே பெயர்.

"நிறுத்துடா," என்றேன் தோகுஜியிடம்.

"நிறுத்தினா? கேசட்டுக்குள்ள ஒரு பேட்டரி இருக்கு, அதுதான் நம்ம பேரையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கு. அது சாகப் போற வயசு. கழட்டி மாத்தினாலும் எல்லாம் அழிஞ்சிடும். அதுக்குள்ள கதவைத் திறந்தாகணும். இல்லேன்னா நாலு பேரும் காலி."

"ரெண்டு பேரு ஏற்கெனவே காலிடா."

"அவங்க வரிசையில நடந்துக்கிட்டு இருக்காங்க. வந்து பாரு."

பார்த்தேன். நடந்துகொண்டுதான் இருந்தார்கள். அதிலிருந்து நான் தினமும் அவன் கடைக்குப் போய், எனக்கு மருந்து ஊற்றச் சொல்லிக் கெஞ்சுவது வழக்கமாயிற்று.

போன டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. வளைகுடாவுக்குள் பெரிய மீன்களை விரட்டிவருவதாக எங்கள் ஊரில் சொல்லும் குளிர்கால இடி மதியத்திலேயே உறுமத் தொடங்கியிருந்தது. தோகுஜி கோயில் கதவு வரை போய்விட்டான். கதவு திறக்கவில்லை. அதன் சாவி எங்கே இருக்கிறது என்று ஜப்பான் முழுக்க யாருக்கும் தெரியாது. அவன் சாவியைத் தேடித் திரும்பிய இடத்தில் ஏதோ ஒன்று என்னைக் கடித்தது. ஷோசாகு விழுந்தான்.

நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. திரையில் துறவி வந்தார்.

'இவருக்கு ஏற்கெனவே பெயர் உண்டு.'

என் பெயர் சிவப்பாகவே இருந்தது. நான் எழுந்து நின்றேன், திரையிலும், அறையிலும்.

"கிகுனோடா," என்றேன். "செத்தும் என்னைக் காப்பாத்துறா. கல்லுல பேரு வெட்டியாச்சுல்ல, எனக்கு வைக்க அவருகிட்ட வேற பேரு இல்ல."

தோகுஜி விரலை நீட்டினான். திரையில் அடுத்த வரி வந்திருந்தது.

'பெயர் இல்லாதவர் யார்?'

கீழே தோகுஜியின் பெயர் மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

"ஷோசாகு, இதுல வேற பட்டனே வேலை செய்யலடா."

"தொடாதே. கோயிலுக்கு ஓடு. சாமிகிட்ட உனக்கும் இப்பவே ஒரு பேரு வாங்கிக்கோ. முன்கூட்டி வாங்கினா ஆயுசு கூடும்னு எங்கம்மா சொல்லுவா."

அவன் கடை அங்கியோடு பனியில் ஓடினான். நான் கேசட்டுக்குக் காவல் இருந்தேன். முன்கூட்டிப் பெயர் வாங்குவது எங்கள் பக்கத்தில் நல்ல காரியம். அதில் கெடுதல் இருக்கக்கூடும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சாமி கேள்வி கேட்காமல் எழுதிக் கொடுத்தாராம். தோகுஜி நனைந்துபோய்த் திரும்பி, தாளை டிவியின் மேல் வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

'எல்லோருக்கும் பெயர் ஆயிற்று,' என்றார் துறவி. 'இனி உள்ளே வரலாம்.'

கதவு திறந்தது. சாவி என்று ஒன்று இருக்கவே இல்லை.

உள்ளே கருநீலம். வரிசையின் கடைசியில் இருந்த இரண்டு வெள்ளைப் பெயர்களும் எங்களைத் தாண்டி முன்னால் போய், வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பின. அந்த விளையாட்டில் கூட வருகிறவர்களின் முதுகைத்தான் காட்டுவார்கள். முகத்தை நாங்கள் பார்த்தது அன்றுதான். நாலைந்து புள்ளிதான். ஆனாலும் யாசுயேயின் கோபம் அப்படியே இருந்தது.

கீழே ஒரு கேள்வி: 'வருகிறீர்களா?' அதற்குக் கீழே ஒரே ஒரு பதில்: 'வருகிறோம்'.

"இதைப் பாக்க எத்தனை வருஷம்டா," என்றான் தோகுஜி.

"பாத்துட்டேல்ல. கையை எடு."

"ரொம்ப நல்லா இருக்குடா."

"நல்லாத்தான் இருக்கு. கையை எடு."

எடுத்தான். அன்றிலிருந்து டிவியையும் பெட்டியையும் அணைக்கவில்லை; அணைத்தால் அந்தக் கிழட்டுப் பேட்டரியை நம்ப முடியாது. நானும் அவனும் முறைவைத்து உட்கார்ந்திருக்கிறோம், பூனை கூடப் பொத்தானை மிதித்துவிடாமல். வெளிநாட்டில் இதை விற்காதது அநியாயம் என்று நான் ஒரு காலத்தில் புலம்பியதுண்டு. கொடுத்துவைத்தவர்கள்.

கடலில் இடி நெருங்கி வருகிறது. ஒவ்வொரு முறையும் விளக்கு மங்கி எரிகிறது. நேற்றிலிருந்து அந்த மூன்று சுரங்களில் நடுச் சுரம் வருவதே இல்லை. அது வரவேண்டிய இடத்தில் வேறொரு சத்தம் கேட்கிறது. யாரோ வாசலில் நின்று செருப்பால் தரையைத் தட்டுவது போல.