கடிதப் பக்கங்களின் எடை

‘அண்டைவெளி’யின் ஏழாவது இதழுக்கு எடை இல்லை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தபால் நிலையத்தின் மூன்றாவது கவுண்டரில் தெரியவந்தது. எழுத்தர் ஒரு பிரதியைத் தராசில் வைத்தார், முள் அசையவில்லை. தராசைத் தட்டிவிட்டுப் பத்துப் பிரதிகளைக் கட்டாக வைத்தார். கட்டு தட்டைவிட்டு ஒரு விரற்கடை உயர்ந்து, மின்விசிறிக் காற்றில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஐம்பது கிராம் வரை என்ன, நூறு கிராம் வரை என்ன என்றெல்லாம் இருந்தது, ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன என்று இல்லை. எடையில்லாத பொருளைத் தபாலில் சேர்க்க வழியில்லை என்று சொல்லிக் கட்டைத் திருப்பித் தந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள், சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள்.

இதழின் ஆசிரியர் பல் செட் செய்கிறவர். பகலெல்லாம் மற்றவர்களின் தாடைக்கு மெழுகு அச்சு எடுப்பார், மாலையில் தொலைதூரக் கிரகங்களைப் பற்றிக் கதை எழுதுவார். அந்தக் கதைகளை வெளியிட யாரும் முன்வராததால் தானே ஒரு பத்திரிகை தொடங்கினார். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்த அவருடைய அக்கா பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் தட்டித் தந்தாள். முதல் இதழுக்கு அவர் சொன்ன பெயர் அண்டவெளி. அக்கா ஒரு எழுத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டாள், அண்டைவெளி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களின் பத்திரிகை மாதிரி இருக்கிறதே என்று தம்பி குதித்தார். இன்னொரு ஸ்டென்சில் வீணாக்க முடியாது, பக்கத்தில்தானே எல்லாம் ஆரம்பிக்கிறது என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த பக்கத்தை உருளையில் செருகினாள். அவள் அந்தக் கதைகளில் ஒன்றைக்கூடக் கதையாகப் படித்ததில்லை. தட்டும்போது எழுத்து மட்டும்தான் கண்ணில் படும் என்பாள்.

எடை போன காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஒரு சந்தாதாரர் ஏற்றுக்கொண்டார். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளர் அவர். தங்கம் நிறுக்கும் தராசோடு வந்து, இதழைப் பிரித்து, தாள் தாளாக வைத்துப் பார்த்தார். ஆசிரியரின் கதை அச்சான தாள்கள் மற்ற எந்தத் தாளையும் போலவே கனத்தன. தலையங்கம் கொஞ்சம் கூடுதலாகவே கனத்தது. வாசகர் கடிதங்கள் அச்சான தாள்கள்தான் மேல்நோக்கி இழுத்தன. தபாலில் வந்த மூலக் கடிதங்களுக்கு வழக்கமான எடை இருந்தது, அச்சாகி மற்றவர்களின் கடிதங்களோடு ஒரே பக்கத்தில் சேர்ந்த பிறகுதான் எழும்பின. மையை மாற்றினார்கள், தாளை மாற்றினார்கள், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது தம்பியே தட்டினார். அப்போதும் அப்படியே. எட்டாவது இதழில் ஒரே ஒரு கடிதத் தாள் மட்டும் தொப்பென்று தரையில் விழுந்தது. அதில் ஒருவர் ஆசிரியரின் கதையை வானளாவப் புகழ்ந்திருந்தார். ஆய்வாளர் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார். ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “சரி, அது நானே எழுதினதுதான்,” என்றார். ஒன்பதாவது இதழிலிருந்து அவர் தன் கதையை ஒரு பக்கம் சுருக்கி, கடிதப் பகுதியை இரண்டு பக்கம் நீட்டினார். யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. காரணம் சொல்ல முடியாத அதிசயம் மாயக்கதைக்காரர்களின் சரக்கு, நாம் அறிவியல் கதைக்காரர்கள், இதை அனுமதிக்கக் கூடாது என்று மூன்று பேர் சந்தாவை நிறுத்தினார்கள். அவர்கள் எழுதிய கண்டனக் கடிதங்களையும் ஆசிரியர் அச்சிட்டார். அந்தப் பக்கம் மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகக் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு ஒருவர் திரும்பி வந்தார்.

தபாலில் அனுப்ப முடியாது என்றானதால் இதழைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவானது. நூற்று இருபது பேர், பதினொரு ஊர்கள். ரயிலில் வேலைக்குப் போகிறவர் ஒரு கட்டை அடுத்த ஊர் நிலையத்தில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் தருவார், அவர் அதற்கடுத்த ஊருக்குப் போகும் லாரி ஓட்டுநரிடம் தருவார். அதுவரை ஒருவரை ஒருவர் கையெழுத்தால் மட்டும் அறிந்திருந்தவர்கள், இவ்வளவு சண்டை போட்ட ஆள் இவ்வளவு குள்ளமா, இவ்வளவு இனிமையாக எழுதினவருக்கு இப்படி ஒரு கட்டைக் குரலா என்று வாசலில் நின்று வியந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் பந்தி பரிமாறுகிற அளவுக்கு வந்திருந்தார்கள்.

அக்காவின் பங்குக்கு வந்தது ஒரே ஒரு முகவரி. இதழுக்கு மிக நீளமான கடிதங்களை எழுதுகிறவருடையது. மூன்றாவது இதழில் வந்த ஒரு கதையில் நிலவுக்கு லிஃப்ட் போட்டிருந்தார்கள். அந்தக் கயிறு தன் சொந்த எடையிலேயே அறுந்து போகும் என்று பன்னிரண்டு பக்கத்துக்குக் கணக்கோடு எழுதி, முடிவில் “ஆனாலும் நான் ஏறியிருப்பேன்” என்று கையொப்பமிட்டிருந்தார். அக்கா மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். திறந்தது அவர் மனைவி, ஆஸ்பத்திரி சலவையகத்தில் இஸ்திரி போடுகிறவள். அவர் கட்டிலில் கிடந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன் லிஃப்ட் குழியில் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

“இவ்வளவு எழுதினீங்களே, இதை மட்டும் ஏன் எழுதல?” என்று கேட்டாள் அக்கா.

“கதையப் பத்தித்தானே எழுதச் சொன்னீங்க,” என்றார் அவர்.

அதன்பின் பல வருடங்கள் ஒவ்வொரு இதழையும் அக்காதான் கொண்டுபோனாள். பிறகு எதிர்மனையில் ஐந்து மாடிக் கட்டடம் எழுந்தது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே இருந்த வானம் போய் ஒரு சாம்பல் நிறச் சுவர் வந்தது. கடிதங்கள் எட்டுப் பக்கமாகி, மூன்று பக்கமாகி, நாற்பத்தொன்றாவது இதழுக்கு, “இதழ் கிடைத்தது. நன்றி” என்று மட்டும் வந்தது. அக்கா அதைத் தட்டத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு அவள் விரல்கள் நின்றுவிட்டன.

“அவரைக் கீழ இறக்கணும்டா,” என்றாள்.

“நாலு பேர் தூக்கிட்டு வந்தா முடிஞ்சுது. அதுக்கென்ன?”

“நாலு பேர் தூக்கினா அன்னிக்கு ஒரு நாள் வருவாரு. மறுநாள்?”

தம்பிக்குப் புரிந்தது. ஆய்வாளரை வரவழைத்தார்கள். அவர் மெக்கானிக்கை எடைபோட்டு, தாள்களின் இழுவையைக் கணக்கிட்டு, அவரை மிதக்கவைக்க மூவாயிரத்து நானூறு கடிதத் தாள்கள் வேண்டும் என்றார். அதாவது ஆட்கள் தாங்கள் சேர்த்துவைத்த இதழ்களின் முதுகில் குத்திய பின்களைப் பிரித்துக் கடிதப் பக்கங்களை உருவித் தர வேண்டும். இதழ் சேர்ப்பவரிடம் இதைக் கேட்பது, காதில் கிடக்கிற கம்மலைக் கழற்றித் தரச் சொல்வதுபோல. ஆனாலும் மருந்துக் கடைக்காரர் முதல் ஆளாகக் கொடுத்தார். லாரி ஓட்டுநர் சரக்குக்கு நடுவே கட்டிக் கொண்டுவந்தார். கண்டனக்காரர்களில் திரும்பி வராத இருவரும், கொள்கையளவில் எதிர்க்கிறோம் என்று ஒரு சீட்டு வைத்து, பக்கங்களை அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். ஒவ்வொரு இதழிலும் மூன்று வாங்குவார். படிக்க ஒன்று, வைத்திருக்க ஒன்று, வைத்திருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால் ஒன்று. எல்லாம் ஒரு தகரப் பெட்டியில், மேலே ஒரு அம்மிக்கல்லோடு இருந்தன.

“பின்னைப் பிரிச்சா அது இதழே இல்ல, வெறும் தாள்,” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மெக்கானிக்கின் மனைவி சலவையகத்தில் கழித்துப்போட்ட விரிப்புகளைக் கொண்டு, கழுத்திலிருந்து கால்வரை பைகள் வைத்த ஒரு நீண்ட அங்கி தைத்தாள். ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் அந்த அறையிலும் படிக்கட்டிலும் நெருக்கியடித்து நின்றார்கள். பைகளில் தாள்களை நிரப்ப நிரப்ப முதலில் அவருடைய தோள்கள் எழும்பின, பிறகு கால்கள். இடுப்பு மட்டும் மெத்தையை விடவில்லை. இருநூறு தாள் குறைகிறது என்றார் ஆய்வாளர். மனைவி, “பரவால்ல, இவ்வளவு பேரு வந்ததே போதும்,” என்று சொல்லிவிட்டுத் தேநீர் வைக்கத் திரும்பினாள். அவள் தோள் குலுங்குவதை அக்கா பார்த்தாள்.

அப்போது கீழே படிகளில் தகரம் இடிபடும் சத்தம் கேட்டது. பெட்டிக்காரர் பெட்டியைக் கயிற்றால் இடுப்போடு கட்டி, அது மேலே மேலே இழுக்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறிவந்தார். யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்தார்.

“வேற யாரும் தொடாதீங்க. நானே பிரிக்கிறேன்.”

பின்களை ஒவ்வொன்றாக நெம்பினார். ஒவ்வொரு தாளையும் கொடுக்குமுன் சத்தமாகப் படித்தார். பதினேழாவது இதழ், செவ்வாய்க் கிரகத்தில் குழாய் ஏன் உறையும். இருபத்துமூன்று, ரோபோவுக்கு ஓய்வூதியம் உண்டா. பெரும்பாலும் மெக்கானிக்கின் கடிதங்கள்தாம். பக்கத்துக்குப் பக்கம் அவற்றுக்குப் பதில் சொன்னவர்களும் அங்கேயே நின்றுகொண்டிருந்ததால், பழைய சண்டைகள் இரண்டு மறுபடி மூண்டன.

“என் கடிதம் என்னைத் தூக்கக் கூடாதே சார்,” என்றார் மெக்கானிக் கட்டிலிலிருந்து. “விதி இடம் கொடுக்காது. ஆசிரியர் தனக்கே எழுதிக்கிட்டது விழுந்துச்சுல்ல?”

“நீங்க தனியா எங்க எழுதினீங்க? மறுப்பெல்லாம் கூடவே இருக்குல்ல,” என்றார் ஆய்வாளர். “அந்தக் கணக்குல சரியா வருது.”

நூற்றுத் தொண்ணூற்றாறாவது தாளில் மெக்கானிக் எழும்பினார். மெத்தைக்கும் அவருக்கும் நடுவில் மனைவி கையை விட்டுப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். நான்கு தாள்களை மீதம் வைத்து, படகைத் தள்ளுவதுபோல் அவரைப் படிக்கட்டு வளைவுகளில் திருப்பிக் கீழே கொண்டுவந்தார்கள். தெருவில் அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, எதிர்க்கட்டடத்தில் லிஃப்ட் எந்தக் கம்பெனியுடையது என்று விசாரித்தார்.

அடுத்த மாதமே ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. குழியில் இறங்க அவருக்கு ஏணி தேவைப்படவில்லை, கேபிள்களை வேண்டிய உயரத்தில் நின்று பார்த்தார். நாற்பத்திரண்டாவது இதழுக்கு அவரிடமிருந்து பதினாறு பக்கம் வந்தது, முழுக்கக் குறை. பெட்டிக்காரர் அந்த இதழிலிருந்து நான்கு பிரதி வாங்கத் தொடங்கினார். இதழ் அடுக்கும் ஞாயிறுகளில் ஆசிரியர் வீட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் நடந்து பக்கங்களைக் கோக்கும்போது, அவர்களுக்கு இடையில் மெக்கானிக் முழங்கால் உயரத்தில் மிதந்தபடி தன் பங்கைக் கோத்துக்கொண்டு போவார். அந்தத் தெருவில் யாரும் இப்போது நின்று பார்ப்பதில்லை. காற்று அதிகமான மாதங்களில் மட்டும் அவர் வேலைக்குப் போகவும் வரவும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முறை போட்டிருக்கிறார்கள். திங்கள் அக்கா, செவ்வாய் ஆய்வாளர், புதன் பெட்டிக்காரர்.